எட்டுக் காலி இடங்கள்

நாவல் எழுதுகிறவன் யந்திரத்தைப் பற்றி விமர்சனம் எழுதலாமா என்று பத்திரிகாசிரியர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது. விமர்சனம் என்றால் நூலைப் பற்றி, நாடகத்தைப் பற்றி, மிஞ்சிப்போனால் ஒரு கச்சேரியைப் பற்றி என்றுதான் நமக்குப் பழக்கம். ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்து, இது இருக்கட்டும், அது வேண்டாம் என்று ஆயிரம் தீர்மானங்கள் செய்து, கடைசியில் நம் கையில் கொடுக்கிற எந்தப் பொருளும் விமர்சனத்துக்கு உரியதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தீர்மானங்களில் அவனுடைய மனசு தெரிகிறது. எதிரே இருப்பவனை அவன் எவ்வளவு தூரம் மதித்தான் என்பதும் தெரிகிறது. நாவலிலும் நான் பார்ப்பது இவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஆப்பிள் டூ என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்து, பல உருமாற்றங்களோடு 1993 வரையில் விற்பனையில் இருந்தது. அதை அமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். இன்றைய தொலைபேசியோடு ஒப்பிட்டால் அதன் சக்தி ஒன்றுமே இல்லை. ஆனால் சக்தியைக் கொண்டு மதிப்பிடுவது பக்கங்களை எண்ணி நாவலை மதிப்பிடுவது மாதிரி. அதைக் கடைக்காரர்கள் செய்துகொள்ளட்டும்.

எனக்கும் அந்த யந்திரத்துக்கும் சம்பந்தம் ஏற்பட்டது சென்ற வருஷம். என் கல்லூரிச் சினேகிதர் ஒருவர் 1970-களின் கடைசியில் கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போனார். அங்கேயே குடியிருந்து அங்கேயே காலமானார். அவருடைய பெண் என்னை வரவழைத்திருந்தாள். அவளும் எஞ்ஜினீயர். போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“மாமா, அப்பா ஏதோ தமிழ்க் கதை எழுதிக்கொண்டிருந்தாராம். அம்மா சொல்லுவாள். இதில்தான் இருக்கிறதாம். எனக்குத் தமிழ் பேச வரும். படித்தால் நாலு வரிக்கு மேல் ஓடாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.”

பெட்டியில் முப்பத்தொரு பிளாப்பி டிஸ்க்குகள் இருந்தன. ஐந்தே கால் அங்குலச் சதுரம், கறுப்பு உறை. மேலே ஒட்டிய சீட்டில் சினேகிதரின் கோணல் எழுத்து: ‘அத். 1’, ‘அத். 1 திருத்தம்’, ‘அத். 2’. நாற்பது வருஷத்துக்கு முன் எனக்கு வந்த கடிதங்களில் இருந்த அதே எழுத்து. அலமாரியில் அந்த ஆப்பிள் டூ பிளஸ் யந்திரமும், அதோடு இரண்டு டிஸ்க் பெட்டிகளும் தூசி படிந்து கிடந்தன.

யந்திரத்தின் மூடிக்கு ஆணி கிடையாது. பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் படக்கென்று விடுபட்டு, அரிசி டப்பாவின் மூடிபோல் கையோடு வந்துவிடுகிறது. எனக்கு முதல் ஆச்சரியம் அதுதான். நாம் அறிந்த மின்சாரச் சாமான்கள் எல்லாம் ‘திறக்காதே’ என்று எழுதிக்கொண்டு வருகின்றன. இது திறந்து பார் என்கிறது. உள்ளே ஒரு பெரிய பச்சைப் பலகை. பலகையின் பின்பாதியில் வரிசையாக எட்டு நீளக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது தொடுமுனைகள். இடப்பக்கத்திலிருந்து 0 முதல் 7 வரை எண் போட்டிருக்கிறது. கடையில் வாங்கும்போது எட்டும் காலி. 1977-ல் நாலாயிரம் எழுத்துக் கொள்ளும் நினைவோடு 1,298 டாலர் கொடுத்தவனுக்கு, அந்த விலையில் ஒரு பங்கு வெறும் குழிகளுக்காகப் போயிற்று.

இந்தக் குழிகளைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. வாஸ்னியாக்கின் கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ், இரண்டு குழி போதும் என்றார். ஒன்று அச்சு யந்திரத்துக்கு, இன்னொன்று தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடத்துக்கு. இதற்குமேல் வீட்டிலே என்னத்தைச் செருகப் போகிறார்கள்? வாஸ்னியாக் ஒப்பவில்லை. எட்டு இல்லாவிட்டால் யந்திரமே வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடிவாதம் பிடித்தார். வாஸ்னியாக்கே தம் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஜாப்ஸ் சொன்னதை அசட்டுத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. குழி வைத்தால் பலகை பெரிதாகும், மின்சாரம் அதிகம் கொடுக்க வேண்டும், பெட்டி நீளும், விலை ஏறும். அந்த ஆறு குழிகளில் என்ன வரும் என்று வாஸ்னியாக்காலும் ஜாபிதா கொடுத்திருக்க முடியாது. குழி வைப்பது புது யோசனையும் அல்ல. 1975-ல் வந்த ஆல்டேர் யந்திரத்தில் நூறு முனைக் குழிகள் இருந்தன. அதற்கு முந்திய மினி கம்ப்யூட்டர்களிலும் இருந்தன. அவையெல்லாம் யந்திரம் தெரிந்தவர்களுக்காக ஏற்பட்டவை. சாப்பாட்டு மேஜையில் வைக்கும் யந்திரத்தில், தனக்கே தெரியாத எதற்காகவோ எட்டு இடத்தைக் காலியாக விட்டது ஒரு ஆசிரியனின் தீர்மானம். அதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

குழியை விட்டால் மட்டும் போதாது. வருகிறவனை மரியாதையாக நடத்தவும் தெரிய வேண்டும். அதுதான் இந்த யந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 0 தவிர மற்ற ஒவ்வொரு குழிக்கும் யந்திரத்தின் முகவரிப் பட்டியலில் 256 எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறது. அதில் அந்தக் குழிக்கு வரும் கார்டு, தன்னை எப்படி இயக்க வேண்டும் என்ற சிறு திட்டத்தைத் தானே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது. பிரதான யந்திரத்துக்கு அந்தக் கார்டைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிய வேண்டியதில்லை. பி, ஆர் என்ற இரண்டு எழுத்து, ஒரு எண்குறி, பிறகு குழியின் எண்: இவ்வளவு தட்டினால் போதும். 1 என்றால் எழுத்தெல்லாம் அச்சு யந்திரத்துக்குப் போகும். 6 என்றால் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும். யார் வந்தாலும் சமையற்கட்டு வரைக்கும் இடம் உண்டு. ஆனால் அரிசி பருப்பு அவரவர் கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு சத்திரம் இது.

வந்தார்கள். எப்படிப்பட்டவர்கள் வந்தார்கள் என்பதை என் சினேகிதரின் யந்திரத்தை வைத்தே சொல்லலாம். 0-ல் பதினாறாயிரம் எழுத்து நினைவைக் கூட்டும் கார்டு. 1-ல் அச்சு. 2-ல் வெளியே செய்தி அனுப்பும் சீரியல் கார்டு. 3-ல் திரையில் எண்பது எழுத்து வரி காட்டும் கார்டு. 6-ல் டிஸ்க். ஐந்தும் ஏழும் காலி. 4-ல் இருந்ததுதான் விசேஷம். அது மைக்ரோசாப்ட் 1980-ல் விற்ற சாப்ட்கார்டு. அந்தக் கார்டில் இஸட்-80 என்ற வேறொரு மூளையே இருக்கிறது. ஆப்பிளின் சொந்த மூளை 6502. கார்டுக்கு உத்தரவு போனதும் சொந்த மூளை ஒதுங்கிக்கொள்கிறது. வந்த மூளை சி.பி.எம். என்ற வேறொரு ஆட்சியை நடத்துகிறது. ஆனால் விசைப்பலகையைப் பார்க்கவோ டிஸ்க்கைத் தொடவோ வேண்டும் என்றால் வீட்டுக்காரனைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும். வேர்ட்ஸ்டார் போன்ற எழுத்துத் திட்டங்கள் இந்த ஆட்சியில்தான் நடந்தன. என் சினேகிதர் நாவல் எழுதியதும் அதில்தான்.

ஒரு யந்திரத்துக்குள் இன்னொரு யந்திரம் வந்து குடியேறுவதை அமைத்தவன் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. இடம் விட்டுவைத்ததால் நடந்தது. நல்ல நாவலைப் பற்றியும் நமக்கு இந்த அனுபவம் உண்டு. பாத்திரத்தின் மனசில் ஒரு மூலையை ஆசிரியன் விளக்காமல் விடுகிறான். முப்பது வருஷம் கழித்து வேறொரு வாசகன் தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து அங்கே வைத்துப் படிக்கிறான். எல்லாவற்றையும் தானே சொல்லித் தீர்க்கிற ஆசிரியனுக்கு அந்த வாசகன் கிடைப்பதில்லை.

இதுவரை புகழ்ந்தாயிற்று. தாட்சண்யம் பார்க்காமல் குறைகளையும் சொல்ல வேண்டும்.

ஆப்பிள் டூவும் அதன் பின் வந்த பிளஸும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை மட்டும்தான் அறியும். சின்ன எழுத்தே கிடையாது. வரிக்கு நாற்பது எழுத்து. எழுதுகிறவனுக்கு இதைவிடக் கஷ்டம் வேண்டாம். கார்டு வாங்கிச் செருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்று அபிமானிகள் சொல்வார்கள். சரிதான்; ஆனால் அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. ஆசிரியன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வாசகனுக்குச் சுதந்திரம் கொடுத்தேன் என்று சொல்வது ஒரு தந்திரம். விட்ட இடம் வேறு, விட்டுப்போன இடம் வேறு. எண்பது எழுத்துக் கார்டைப் போட்ட பிறகும் விசைப்பலகையின் ஷிப்ட் சாவிக்கும் சின்ன எழுத்து தெரியாது. விளையாட்டுக் கைப்பிடி இணைக்கும் இடத்திலிருந்து ஒரு கம்பியை அந்தச் சாவிக்கு இழுத்து ஒட்டவைத்தவர்கள் உண்டு. என் சினேகிதரின் யந்திரத்திலும் அந்தக் கம்பி இருந்தது. ஒரு நாவலை எழுத ஆரம்பிக்குமுன் பற்றவைப்புக் கோலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது குறை, பொறுப்பு. எந்தக் கார்டு எந்தக் குழியில் என்பதை வீட்டுக்காரன்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அச்சு யந்திரம் எந்தக் குழியில் இருக்கிறது என்று திட்டங்கள் கேட்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் கார்டைப் பிடுங்கினால் கார்டும் போகலாம், பலகையும் போகலாம். டிஸ்க் கம்பியைக் கட்டுப்பாட்டுக் கார்டில் செருகும் இடத்தில், சரியாகத்தான் பொருத்தியிருக்கிறோமா என்று காட்டும் தடுப்பு எதுவும் இல்லை. ஒரு முனை தள்ளிச் செருகிவிட்டால் டிஸ்க் பெட்டிக்குள் ஒரு சில்லு எரிந்துபோகும். மரியாதையான சத்திரம் என்றேன். அதில் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி டிஸ்க்குக்கு வருகிறேன். என் மதிப்பீட்டில் இந்த யந்திரத்தின் மிகச் சிறந்த அத்தியாயம் இதுதான். முதலில் திட்டங்களை எல்லாம் காசெட் நாடாவில்தான் வைத்திருந்தார்கள். நாடாவிலிருந்து ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கம்பெனிக்குப் பணம் போட்ட மைக் மார்க்குலாவுக்கே அது சலித்துப்போய், பிளாப்பி வேண்டும் என்றார். 1977-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாஸ்னியாக் உட்கார்ந்தார். ராண்டி விக்கின்டன் என்ற இளைஞர் கூட இருந்தார். 1978 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த கண்காட்சிக்கு அதை எடுத்துப்போனார்கள். அந்த ஊரைப் பார்க்கிற ஆசையும் வேலைக்கு ஒரு காரணம் என்று வாஸ்னியாக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பெரிய காரியங்களுக்குப் பின்னால் இப்படிச் சின்ன ஆசைகள் இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். கட்டுப்பாட்டுக் கார்டோடு சேர்த்து ஆரம்ப விலை 495 டாலர்.

மற்றவர்கள் டிஸ்க்கைக் கட்டுப்படுத்தக் கார்டு நிறையச் சில்லு வைத்தார்கள். வாஸ்னியாக் எட்டே சில்லுகளில் முடித்தார். எப்படி முடித்தார் என்றால், சில்லு செய்ய வேண்டிய வேலையைத் திட்டத்தின் தலையில் கட்டினார். தட்டிலிருந்து 32 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ஒரு எழுத்து வருகிறது. அதைக் கணக்குத் தவறாமல் பிடிக்க வேண்டியது யந்திரத்தின் மூளை. பிடிக்கிற நேரத்தில் அதற்கு வேறு வேலை கிடையாது. படிக்கும் தலை தட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்ல ஒரு கருவி வழக்கமாக இருக்கும். வாஸ்னியாக் அதையும் எடுத்துவிட்டார். அதனால் யந்திரத்தைப் போட்டவுடன் தலை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தலையை ஓரத்துக்குத் தள்ளு, தள்ளு என்று நாற்பது தடவை தள்ளுகிறது திட்டம். ஓரத்தில் முட்டின பிறகும் தள்ளுகிறது. தடதடவென்று ஒரு சத்தம். தட்டில் இருப்பதோ முப்பத்தைந்து தடங்கள். நாற்பது தடவை தள்ளினால் நிச்சயம் ஓரத்தில்தானே இருக்க வேண்டும்! இருட்டில் சுவரைத் தொடுகிற வரைக்கும் நடந்து, பிறகு சுவரிலிருந்து அடி எண்ணுகிறவனின் யுக்தி இது. அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது யந்திரம் போய்விட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். “அதெல்லாம் இல்லை மாமா, அது அப்படித்தான் பேசும். சின்ன வயசில் நான் தூங்கப் போகிறபோது இந்தச் சத்தம் கேட்டால், அப்பா எழுத உட்கார்ந்துவிட்டார் என்று தெரியும்” என்றாள் அந்தப் பெண்.

இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு பலனும் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு தடத்துக்குப் பதின்மூன்று பகுதி, பகுதிக்கு 256 எழுத்து. தட்டு முழுவதும் 1,16,480 எழுத்து. 1980-ல் எழுத்தைக் குறியாக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினார்கள். பதின்மூன்று பதினாறாயிற்று, அதே தட்டில், அதே பெட்டியில் 1,43,360 எழுத்து. பழைய யந்திரக்காரன் மாற்ற வேண்டியது கார்டில் இரண்டே சில்லு. தீர்மானத்தை இரும்பில் அடித்து வைக்காமல் எழுத்தில் வைத்திருந்ததால் திருத்திப் பதிப்பிக்க முடிந்தது. தட்டின் ஒரு பக்கத்தைத்தான் பெட்டி படிக்கும். ஜனங்கள் சும்மா இருந்தார்களா? காகிதத்தில் துளை போடும் கருவியால் உறையின் மறு ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, தட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலும் எழுதிக்கொண்டார்கள். தோசையின் இரண்டு பக்கத்தையும் வேகவைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

1979-ல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்க்ஸ்டனும் எழுதிய விசிகால்க் என்ற கணக்குத் தாள் இந்த யந்திரத்தில்தான் முதலில் வந்தது. அதற்காகவே யந்திரத்தை வாங்கிய வியாபாரிகள் ஏராளம். நினைவைக் கூட்டக் காலி இடமும், கணக்கைச் சட்டென்று எடுக்கவும் வைக்கவும் டிஸ்க்கும் இல்லாவிட்டால் அது அந்த அளவு பரவியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இதே திறந்த மனசுக்கு ஒரு வினை வந்து சேர்ந்தது. டிஸ்க்கின் தீர்மானங்கள் திட்டத்தின் கையில் இருக்கின்றன அல்லவா? விளையாட்டும் பிறவும் விற்ற பதிப்பாளர்கள் அதைக் கவனித்தார்கள். நம் தட்டை எவனும் நகல் எடுக்கக் கூடாது என்று, பகுதிகளின் அடையாளத்தை மாற்றினார்கள். இரண்டு தடத்துக்கு நடுவே எழுதினார்கள். சாதாரண முறையில் படிக்க முடியாதபடி ஆயிரம் விசித்திரம் செய்தார்கள். எல்லாருக்கும் திறந்திருந்த கதவில் ஆளுக்கொரு பூட்டு! அவர்களையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிப் பிழைக்கிறவன் நான். திருட்டுப் பதிப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் வருஷங்கள் போயின. தட்டில் பூசிய காந்தப் பொடி உதிர்கிறது. விற்றவர்களில் பலர் இன்று இல்லை. பூட்டின தட்டுகள் பூட்டியபடியே அழிகின்றன. அன்று பூட்டை உடைத்து நகல் எடுத்தவர்களால்தான் அநேகம் படைப்புகள் இன்று பிழைத்திருக்கின்றன. இன்றும் சிலர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பூட்டாகக் கழற்றிப் பொதுவில் வைத்துவருகிறார்கள். சட்டத்தில் அவர்களுக்கு என்ன பெயரோ, நூலகத்தில் அவர்களுக்கு நல்ல பெயர்தான்.

தட்டில் இருப்பது எவ்வளவு சுலபமாகப் போய்விடக்கூடியது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பிரின்ஸ் ஆப் பெர்ஷியா என்ற புகழ்பெற்ற விளையாட்டை 1989-ல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் டூவுக்காகத்தான் எழுதினார். அதன் மூலப் பிரதி அவரிடமே இல்லாமல் போயிற்று. 2012-ல் அவருடைய தகப்பனார் ஒரு பெட்டியில் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுத்தார். பழம் யந்திரங்களில் தேர்ந்தவர்கள் வந்து பக்குவமாகப் படித்தெடுத்தார்கள். மெக்னர் அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். உலகம் அறிந்த ஆசிரியனுக்கே இந்தக் கதி என்றால், அத்தியாயம் முடிக்கு முன் கண்ணை மூடிய என் சினேகிதருக்கு என்ன?

ஆப்பிள் டூவை மதிப்பிடுகிறவர்கள் அதன் அருகே மாகின்டோஷை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1984 ஜனவரியில் அதே கம்பெனி வெளியிட்டது. ஜாப்ஸ் தம் கட்சியை அதில் நிறைவேற்றிக்கொண்டார். ஒரு குழிகூட இல்லை. பெட்டியின் ஆணிகள் ஆழத்தில், சாதாரணத் திருப்புளி எட்டாத இடத்தில் இருந்தன. உள்ளே போக வாசகனுக்கு அனுமதி இல்லை. ஆனால் அழகு! திரையில் சித்திரமும் எழுத்தும் காகிதத்தில் பார்க்கிற மாதிரி. எந்தக் குழியில் அச்சு யந்திரம் என்று அது யாரையும் கேட்கவில்லை. உருவ அமைதி என்று நாம் சிறுகதையில் சொல்கிறோமே, அது முழுக்க இருந்தது. நான் இளைஞனாக இருந்தால் மாகின்டோஷின் கட்சியில்தான் சேர்ந்திருப்பேன். உருவம்தான் எல்லாம் என்று வாதாடிய வயது அது.

அந்தப் பெட்டியின் உட்சுவரில், அதைச் செய்தவர்கள் எல்லாருடைய கையெழுத்தும் அச்சாகப் பதிந்திருக்கிறது. ஓவியன் தன் படத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. நல்ல பெருமிதம்தான். ஆனால் யார் திறக்கக் கூடாது என்று மூடினார்களோ அவர்கள் அதைப் பார்க்க வழியில்லை. ஆப்பிள் டூவோடு 1978-ல் வெளிவந்த கைப்புத்தகத்தில் கையெழுத்து இல்லை. அதற்குப் பதிலாக யந்திரத்தின் மின்சுற்றுப் படமும், அதன் அடிப்படைத் திட்டம் வரிக்கு வரியும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டில் எது வாசகனுக்கு மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1981-ல் ஐ.பி.எம். தன் சொந்த யந்திரத்தை ஐந்து குழிகளோடு வெளியிட்டு இந்த வழியைத்தான் பின்பற்றியது. மாகின்டோஷே 1987-ல் குழிகளுக்குத் திரும்பிவிட்டது. அந்த வருஷத்து மாகின்டோஷ் டூவில் ஆறு குழிகள். வழக்கு வாஸ்னியாக் பக்கம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இன்று என் சட்டைப் பையில் இருக்கிற தொலைபேசியில் குழியும் இல்லை, மூடியும் இல்லை. ஜாப்ஸ் அப்பீலில் ஜெயித்துவிட்டார்.

சினேகிதரின் டிஸ்க்குகளுக்கு வருகிறேன். அவருடைய பெண் படிக்கும் தலையைப் பஞ்சும் சாராயமும் கொண்டு துடைத்தாள். தட்டின் வேகம் நிமிஷத்துக்கு முந்நூறு சுற்றுக்குச் சரியாக இருக்கும்படி ஒரு ஆணியைத் திருகினாள். இரண்டாம் குழிக் கார்டின் வழியாக அவளுடைய புது யந்திரத்துக்கு ஒவ்வொரு தட்டாக ஏற்றினாள். இன்றைக்கும் இந்தக் குழிகளுக்காகச் சிலர் சொந்தமாகப் புதுக் கார்டுகள் செய்கிறார்கள். தபால் தலை அளவு நினைவுத் துண்டில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை அடக்குகிற சாதனங்கள் கிடைக்கின்றன. அவள் அப்படி ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்துவிட்டாள். முப்பத்தொன்றில் இருபத்தேழு தேறின. நான்கு போய்விட்டன. போனவற்றில் ஒன்று ‘அத். 1 திருத்தம்’.

யந்திரத்தில் தமிழ் எழுத்துக் கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதியிருந்தார். ஆரம்பத்து டிஸ்க்குகள் கார்டு வாங்குவதற்கு முந்தியவை. தாமே எழுதிக்கொண்ட ஒரு சிறு திட்டத்தில் தட்டியவை. எல்லாம் பெரிய எழுத்து. பிறகு வந்த டிஸ்க்குகளில் சின்ன எழுத்தை லகரத்துக்கும் பெரிய எழுத்தை ளகரத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். முதல் டிஸ்க்குகளில் அதற்கு வழியில்லை. இரண்டுக்கும் ஒரே எழுத்து.

முதல் அத்தியாயத்தின் இரண்டாவது பக்கத்தில் ஒரு வாக்கியம். தாயார் இறந்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா போன பிறகு வீட்டில் ஒலி இல்லை என்று எழுதியிருக்கிறாரா, ஒளி இல்லை என்று எழுதியிருக்கிறாரா? ஒரு சாயங்காலம் முழுவதும் அந்த வரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒளி என்றால் நாமெல்லாம் எழுதுகிற வாக்கியம். ஒலி என்றால் அவர் ஒருவர்தான் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம். அடுத்த பாராவில் தங்கை விளக்கேற்றுகிறாள். ஆகவே ஒலி என்று முடிவு செய்து பிரதியில் எழுதிவிட்டேன். திருத்தம் செய்த டிஸ்க் கிடைத்திருந்தால் சந்தேகமே இருந்திருக்காது.

அந்த ஒரு எழுத்துக்காக இந்த யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. சின்ன எழுத்து வேண்டும் என்பதை 1977-ல் ஒரு எழுத்தாளனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஆனால் மூன்றாம் குழி காலியாக இருந்ததால்தான் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து லகரமும் ளகரமும் தனித்தனியாக வருகின்றன என்பதையும் நான் மறைக்கக் கூடாது. குறையோடு விட்டவர், அதைத் தீர்த்துக்கொள்ள இடமும் விட்டார். எத்தனை ஆசிரியர்கள் அந்த இடத்தை விடுகிறார்கள்?

பிரதி முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அந்த வாக்கியத்தில் நிறுத்தி, என் சந்தேகத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் யந்திரத்தைப் போட்டாள். டிஸ்க் தடதடவென்று பேசிற்று.

“ஒலிதான் மாமா” என்றாள்.